கன்னத்தில் பந்துத் தடம்: டியெபோலோவின் ஹயசிந்தஸைப் படியெடுத்த குளிர்காலம்

மாட்ரிட்டில் அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது நான் பார்த்தது அப்பல்லோவின் முகத்தை. எட்டு வயது மகளின் கண் வேறு இடத்துக்குப் போயிருந்தது. “அம்மா, கீழ படுத்திருக்கிற அண்ணனுக்குக் கன்னத்துல அடிபட்டிருக்கு” என்றாள். அதற்கப்புறம்தான் நானும் கீழே பார்த்தேன். வெளிறிப்போன கன்னத்தில் ஒரு தடம். பந்து பட்ட இடம்.

ஜியோவான்னி பத்திஸ்தா டியெபோலோ வரைந்த ‘ஹயசிந்தஸின் மரணம்’ அது. 287 செ.மீ. உயரம், 232 செ.மீ. அகலம். 1752-53 வாக்கில் தீட்டிய எண்ணெய் ஓவியம். இப்போது தைசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரோக் ஓவியத்தின் கடைசித் தலைமுறைக்காரர்களில் டியெபோலோதான் எனக்கு மிக நெருக்கமானவர். அதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் குடியிருப்பது ஜெர்மனியில், வுர்ட்ஸ்பூர்க்குக்குப் பக்கத்தில். அந்த ஊர் அரண்மனையின் படிக்கட்டு மண்டபக் கூரையை வரைந்தது இவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ஹயசிந்தஸ் படமும் அதே வருடங்களில் வந்தது. 1750 டிசம்பரில் வெனிஸிலிருந்து டொமெனிகோ, லொரென்சோ என்ற இரண்டு மகன்களுடன் டியெபோலோ வுர்ட்ஸ்பூர்க் வந்து சேர்ந்தார். 1753 கடைசி வரை இருந்தார். ஈரச் சாந்தின் மேல் வரையும் ஃபிரெஸ்கோ வேலைக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துவராது. அதனால் குளிர்கால மாதங்களில் எண்ணெய் ஓவியங்கள் செய்தார். ஷாம்பூர்க்-லிப்பே பிரபு வில்ஹெல்முக்காகச் செய்ததுதான் இது. டியெபோலோ தன் வாழ்வின் கடைசி எட்டு வருடங்களை மாட்ரிட்டில் ஸ்பெயின் அரசருக்கு வேலை செய்து கழித்து, 1770இல் அங்கேயே இறந்தார். அவர் வுர்ட்ஸ்பூர்க்கில் வரைந்த படம் இன்று அவர் இறந்த ஊரில் தொங்குகிறது.

கதை ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ பத்தாம் புத்தகத்தில் வருகிறது. ஸ்பார்ட்டா இளைஞன் ஹயசிந்தஸ் மேல் அப்பல்லோவுக்குக் காதல். இருவரும் வட்டு எறிந்து விளையாடுகிறார்கள். அப்பல்லோ எறிந்த வட்டு தரையில் பட்டு எகிறி ஹயசிந்தஸின் முகத்தில் அடிக்கிறது. மருத்துவத்துக்கே தெய்வமான அப்பல்லோ மூலிகை வைத்துப் பார்க்கிறான், பலிக்கவில்லை. தண்டு ஒடிந்த பூ தலை சாய்வதுபோல ஹயசிந்தஸின் தலை சாய்கிறது. சிந்திய ரத்தத்திலிருந்து ஒரு பூ முளைக்கிறது.

ஆனால் டியெபோலோவின் படத்தில் வட்டு இல்லை. தரையில் கிடப்பவை டென்னிஸ் மட்டையும் பந்துகளும். பின்னால் தொய்ந்த வலைகூட இருக்கிறது. 1561இல் ஜியோவான்னி ஆந்திரேயா தெல் ஆங்குய்லாரா ஓவிட்டை இத்தாலிய மொழியில் ஆக்கியபோது, வட்டெறிதலை அந்தக் காலத்துப் பந்தாட்டமாக மாற்றிவிட்டார். ‘பல்லகோர்தா’ என்பார்கள், இன்றைய டென்னிஸுக்கு மூதாதை. டியெபோலோ பிடித்துக்கொண்டது அந்தப் பாடத்தை. அப்போது ஐரோப்பாவில் ரப்பர் பந்து கிடையாது. உள்ளே இறுக்கித் திணித்துச் செய்த கெட்டிப் பந்து. முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் படம் பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் அந்த முகத்தைப் படியெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முழுப் படத்துக்கு எனக்கு இடமும் இல்லை, கையும் இல்லை. தலை, கழுத்து, ஒரு தோள், மார்பின் மேல்பகுதி. இவ்வளவுதான், ஆனால் அசல் அளவிலேயே. மூலத்தின் உயரம் 287 செ.மீ. என்று தெரியும் என்பதால் திரையில் இருக்கும் படத்தை அளந்து விகிதம் போட்டால் தலையின் உண்மையான அளவு கிடைத்துவிடும். 60-க்கு 50 செ.மீ. கான்வாஸ் போதும் என்று கணக்கு வந்தது.

என்னை இழுத்தது அந்தத் தோலின் நிறம். படத்தில் அப்பல்லோவின் உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிகிறது. பக்கத்திலேயே ஹயசிந்தஸின் உடம்பு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை, அதற்குள் நீலமா பச்சையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சாயல். இரண்டு உடம்பையும் மாறி மாறிப் பார்த்தாலே ஒருவன் உயிரோடு இல்லை என்பது புரிந்துவிடும். அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவருவது? இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

முதல் முயற்சி நவம்பரில். கடையில் வாங்கிய கான்வாஸ், வெள்ளை அக்ரிலிக் பூச்சு ஏற்கெனவே போட்டது. கரியால் கோடு இழுத்துவிட்டு, பாலெட்டில் நிறங்களைக் கலந்து வைத்துக்கொண்டேன். டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, ஐவரி கறுப்பு, துளி பிரஷ்யன் நீலம். ஐவரி கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை வரும், வெள்ளை சேர்த்தால் அது சாம்பல் பச்சையாகும். திரையில் தெரிந்த நிறமும் பாலெட்டில் இருந்த நிறமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றேதான். நம்பிக்கையோடு இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து தீட்டினேன்.

வந்தது சிமெண்ட். வேறு சொல் இல்லை. நிறம் சரியாக இருந்தது, தோல் இல்லை. பூசிய சுவர் மாதிரி ஒரே கனத்தில், ஒளி உள்ளே நுழைய வழியில்லாமல் மூடிக்கொண்டு கிடந்தது. நெற்றிக்கும் கழுத்து நிழலுக்கும் இடையில் எத்தனை சாம்பல் கலந்து வைத்தாலும் எல்லாம் தனித்தனித் துண்டாக நின்றன. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சுவரோரம் திருப்பி வைத்தேன்.

பிழை எங்கே என்று பிடிபட்டது அடுக்களையில்தான். குழந்தை குடித்து வைத்த பால் தம்ளரைக் கழுவ, அடிப்பிடித்துக் கறுத்த சட்டியில் தண்ணீரோடு ஊற்றினேன். கறுப்பின் மேல் மெல்லப் பரவிய அந்தப் பால்தண்ணீர் நல்ல நீலச் சாம்பலாகத் தெரிந்தது. பாலில் நீலம் ஏது? விறகடுப்புப் புகையும் இதே மாதிரிதான். இருண்ட சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரியும், வெளிச்ச வானத்துக்கு முன்னால் அதே புகை பழுப்பாகிவிடும். மிக நுண்ணிய துகள்களால் கலங்கலான மெல்லிய பொருள் ஒளியின் நீலப் பகுதியைத்தான் அதிகம் சிதறடிக்கும். பின்னால் இருட்டு இருந்தால் அந்த நீலம் நம் கண்ணுக்கு வந்து சேரும்.

எண்ணெய் ஓவியக்காரர்கள் இதை நூற்றாண்டுகளாகக் கையால் அறிந்து வைத்திருந்தவர்கள். பழுப்பான அடித்தரையின் (படத்துக்கு அடியில் முதலில் போடும் பூச்சு) மேல் வெள்ளையை மெல்லத் தேய்த்து ஓட்டினால் அது குளிர்ந்த சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் பாலெட்டில் கலந்து எடுக்க வராது, கான்வாஸின் மேல்தான் பிறக்கும். வெனிஸ் ஓவியர்கள் வெள்ளைத் தரையில் ஆரம்பிக்காமல் செம்பழுப்பு, காவி என்று நிறமுள்ள தரையில் வேலை செய்ததன் பலன் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானோ பளீர் வெள்ளைத் தரையில் உட்கார்ந்து சாம்பலைச் சாம்பலாகவே பூசிக்கொண்டிருந்தேன்.

சரி, தரையிலிருந்தே ஆரம்பிப்போம் என்று பூச்சு இல்லாத லினன் துணி வாங்கினேன். சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கும்போது நடுவிலிருந்து மூலை நோக்கிப் போக வேண்டும், எதிரெதிர்ப் பக்கமாக. விரலால் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கணும். அப்புறம் முயல்தோல் பசை. எண்ணெய் துணியில் நேராகப் பட்டால் காலப்போக்கில் நாரை அரித்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்தப் பசை. அரை லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் போட்டு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் ஜவ்வரிசி மாதிரி உப்பியிருந்தது. அதை நேரடி நெருப்பில் காட்டாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கரைக்க வேண்டும். 60 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

முதல் தடவை போய்விட்டது. போன் வந்தது, எடுத்துப் பேசிவிட்டு வருவதற்குள் கொதித்துவிட்டது. கொதித்த பசை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒட்டும் வலு போயிருக்கும். ஆறவைத்துப் பார்த்தேன், கெட்டியான ஜெல்லியாக உறைய வேண்டியது கூழாகவே நின்றது. கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை சமையல் வெப்பமானி வைத்துக்கொண்டு பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆறி லேசாக உறைந்ததும் அகலத் தட்டைக் கத்தியால் துணிமேல் இழுத்தேன். சூடாகத் தண்ணியாய் ஊற்றினால் பின்பக்கம் ஒழுகும். இப்படி இழுத்தால் மேலேயே நின்று துணியின் நெசவுக் கண்களை அடைக்கும். ஒரு நாள் காயவிட்டு, தூக்கி நிற்கும் நூல் முனைகளை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன்.

தரைப்பூச்சுக்குச் சாக்குத்தூள் (மெல்லிய சுண்ணாம்புக்கல் தூள்), மஞ்சள் காவி, கொஞ்சம் சுட்ட சியன்னா, கொஞ்சம் அம்பர் (இரண்டும் பழுப்பு மண் நிறங்கள்), துளி டைட்டானியம் வெள்ளை. எல்லாவற்றையும் ஆளிவிதை எண்ணெயில் கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் குழைத்தேன். அரைக்கும் கண்ணாடிக் குழவி என்னிடம் இல்லை, தட்டை அடியுள்ள கனத்த கண்ணாடிக் குவளையால் அரைத்தேன், ஒரு மணி நேரம் பிடித்தது. தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அம்பரில் மாங்கனீஸ் இருக்கிறது. அதை மூச்சில் இழுக்கக்கூடாது, ஆனால் எண்ணெய் சீக்கிரம் காய்வதற்கு அதே மாங்கனீஸ்தான் உதவி. தேன்பதம் வந்ததும் கத்தியால் மெல்லப் பரப்பினேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது பூச்சு.

நிலவறையில் வைத்திருந்தேன். அங்கே 12 டிகிரி குளிர், ஒரு வாரம் கழித்தும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவது மாதிரி இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் அது இறுகுகிறது, அதற்கு வெளிச்சமும் வெப்பமும் வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்குத் தூக்கிவந்த பிறகுதான் ஒழுங்காகக் காய்ந்தது. ஜனவரி கடைசியில் கையில் இருந்தது ஒரு காவி நிறக் கான்வாஸ். செங்கல்லுக்கும் சந்தனத்துக்கும் நடுவில் ஒரு நிறம். அதைச் சும்மா வைத்துப் பார்ப்பதே சுகமாக இருந்தது.

இடைப்பட்ட நாட்களில் அதே பூச்சுப் போட்ட சின்ன அட்டைகளில் சோதனை நடந்தது. உண்மையில் நான் கற்றது அந்த அட்டைகளில்தான்.

டியெபோலோ காலத்து வெள்ளை என்றால் ஈய வெள்ளை. அது எண்ணெயோடு வினைபுரிந்து வளைந்துகொடுக்கும் படலமாகும், சீக்கிரம் காயும், ஓரளவு ஒளியை உள்ளே விடும். ஆனால் விஷம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்கக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, குழந்தை இருக்கும் வீட்டில் எனக்கும் அது வேண்டாம். டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டில் வந்த சரக்கு. மூடும் சக்தி மிக அதிகம். மெல்லத் தேய்த்தாலும் தரையை விழுங்கிவிடும், அந்தப் பால்நீலம் வராது. அட்டையில் பலவிதமாகப் போட்டுப் பார்த்ததில், டைட்டானியம் வெள்ளைக்குப் பாதியளவு சாக்குத்தூளை எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் ஓரளவு வழிக்கு வந்தது. சாக்குத்தூள் எண்ணெயில் போனதும் வெண்மை இழந்து கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெள்ளையின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும், நிறத்தைக் கெடுக்காது. துத்தநாக வெள்ளை மென்மையானது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது வருடங்கள் போகப் போக நொறுங்கும் தன்மை உடையது, அதனால் தொடவில்லை.

பிப்ரவரியில் வேலை ஆரம்பம். படத்தை அசல் அளவில் அச்செடுத்து, பின்பக்கம் கரி பூசி, கோடுகளைக் கான்வாஸில் இறக்கினேன். அரை மணி நேர வேலை, சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் நாள் அம்பரும் டர்பெண்டைனும் மட்டும். நிழல் இருக்கும் இடங்களான கழுத்துக்கு அடி, தாடை ஓரம், கண்குழி, தலைமுடி ஆகியவற்றை மட்டும் பூசினேன். அதிகமானதைப் பழந்துணியால் துடைத்தெடுத்தேன். வெளிச்ச இடங்களில் ஒன்றுமே போடவில்லை, தரை அப்படியே இருந்தது. காவி நிறமே நடு ஒளியாக நின்றுவிட்டதால் ஒரு மணி நேரத்தில் முகம் வந்துவிட்டது. வெள்ளைக் கான்வாஸில் இரண்டு வார இறுதியில் வராதது.

ஐந்து நாள் கழித்து வெளிச்சங்கள். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தோள் முனை, மார்பெலும்பு. இங்கே வெள்ளை கனமாக, துளி நேப்பிள்ஸ் மஞ்சளோடு, பன்றி முடித் தூரிகையால் ஒரே இழுப்பில். இழுத்ததைத் திரும்பத் தொடக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். மாட்ரிட்டில் அருகில் நின்று பார்த்தபோது டியெபோலோவின் வெளிச்சங்கள் எல்லாம் தூரிகைத் தடத்தோடுதான் இருந்தன. கூரையில் ஏறி, சாந்து காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று பழகிய கை அது. தயங்காது.

இனி நடுவில் உள்ள இடம். பத்து நாள் காத்திருந்தேன். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, தேய்ந்த பழைய தூரிகையில் சாக்குத்தூள் கலந்த வெள்ளையைக் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, காகிதத்தில் துடைத்துவிட்டு, முடி நுனியில் எஞ்சியதை வைத்து நெற்றிப்பொட்டிலிருந்து கன்னம் வழியாகக் கழுத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். எண்ணெய் சேர்க்கவில்லை. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்தது. அப்புறம் தாடைக்குக் கீழே, அம்பர் நிழலும் காவித் தரையும் சந்திக்கும் இடத்தில் மெல்லப் புகை படிந்தது. நீலம். நெற்றிப்பொட்டில், அடியில் காவி அதிகம் இருந்த இடத்தில், அதே வெள்ளை பச்சைச் சாயலாக மாறியது. பாலெட்டில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. கீழேயிருக்கும் மஞ்சள் காவியும் மேலே சிதறும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. நவம்பரில் பிரஷ்யன் நீலம் போட்டுத் தேடிக்கொண்டிருந்த நிறம் வெறும் வெள்ளையிலிருந்து எழுந்து வந்தது.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழகான விஷயம் கண்முன் நடந்தது, ஆனால் அது ஒரு பையன் செத்துக்கொண்டிருக்கும் நிறம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே உட்காரலில் அதிகம் தேய்த்தால் வெள்ளை கனத்து மறுபடி சிமெண்ட் ஆகிவிடும். இடது தோளில் அப்படி ஆகிவிட்டது. நல்லவேளை, கீழ் அடுக்கு காய்ந்திருந்ததால் துளி டர்பெண்டைன் தொட்ட துணியால் மேல் அடுக்கை மட்டும் துடைத்தெடுக்க முடிந்தது. அடுத்த வாரம் மெல்லிதாகத் திரும்பப் போட்டேன். தலா ஐந்தாறு நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை ஓட்டியது சரியாக இருந்தது.

உதட்டில் சிவப்பு வைக்கவில்லை. வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். இம்மியளவு வெர்மிலியன் சாயல் பட்டதும் பையன் தூங்குவதாகத் தெரிந்தான்.

அடியில் கிடக்கும் துணிக்கு நேப்பிள்ஸ் மஞ்சளும் மஞ்சள் காவியும் கொஞ்சம் சிவப்பும். இந்தத் துணி செய்யும் வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. துணியைத் தீட்டும் முன் தோல் ஓரளவு வெளிறியிருந்தது, துணி வந்ததும் சட்டென்று இன்னும் குளிர்ந்துபோனது. தோலைத் தொடவே இல்லை. நம்பாமல் வெள்ளைக் காகிதத்தால் துணியை மறைத்துப் பார்த்தேன். தோலில் உயிர் வந்தது. எடுத்தேன், போயிற்று. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் பத்துத் தடவை மூடித் திறந்து பார்த்தாள். மூலத்தில் அப்பல்லோவின் கதகதப்பான உடம்பு பக்கத்திலேயே நிற்கிறது அல்லவா? அதுவும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது.

கடைசியில் கன்னத்துத் தடம். அச்சிலும் திரையிலும் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு மங்கல்தான் தெரிந்தது. அதன் வடிவம் எனக்குப் புரிந்தாக வேண்டும். மகளின் டென்னிஸ் பந்தைக் கரித்தூளில் உருட்டி, என் கன்னத்தில் அழுத்தச் சொன்னேன். “வலிக்குதாம்மா?” என்று கேட்டுக்கேட்டு அழுத்தினாள். கண்ணாடியில் பார்த்தால், நான் நினைத்த முழு வட்டம் இல்லை. கன்னம் வளைந்தது, பந்தும் வளைந்தது. அழுத்தம் பட்ட நடுப்பகுதி ஒரு கறை, எலும்புப் பக்கம் விளிம்பு திட்டமாக, வாய்ப் பக்கம் சதை மெத்தென்று இருப்பதால் விளிம்பு கரைந்துபோய். தலையைச் சாய்த்தால் வட்டம் நீள்வட்டமாகச் சுருங்கியது. கன்னத்தைக் கழுவாமலே போய்க் கான்வாஸ் முன் உட்கார்ந்தேன்.

காய்ந்த கன்னத்தின் மேல் முதலில் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்தேன். அப்போதுதான் தப்பு செய்தால் அழிக்க முடியும். மேடர் லேக் சிவப்பும் ஐவரி கறுப்பும், வெள்ளை இல்லாமல், கண்ணாடி போல மெல்லிதாக. முதல் தடவை அதிகம் சிவந்துவிட்டது, ரத்தக் காயம் மாதிரி. துடைத்தேன். இரண்டாவது தடவை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வந்து பொட்டு வைத்ததுபோல ஆனது. துடைத்தேன். மூன்றாவதை எலும்புப் பக்கம் மட்டும் தூரிகையால் வைத்துவிட்டு, வாய்ப் பக்கத்தை விரலால் இழுத்துக் கரைத்தேன். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது தடம் தோலுக்கு மேலே ஒட்டியிருக்கவில்லை, அடியில் கன்றிப்போய் இருந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் நடுவில் பார்த்தால் கழுத்து நிழலும் முடியும் மங்கி, சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தன. மேல் அடுக்கின் எண்ணெயைக் கீழ் அடுக்கு உறிஞ்சிக்கொண்டதால் வருவது இது, அம்பர் பூசிய இடங்களில் அதிகம் நடக்கும். ஆளிவிதை எண்ணெயோடு டர்பெண்டைன் பாதிக்குப் பாதி கலந்து, துணியால் மெல்லத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தை ஒற்றி எடுத்தேன். நிழல் ஆழம் திரும்பி வந்தது. இதை மங்கிய இடத்தில் மட்டும் செய்தால் போதும். படம் முழுக்க எண்ணெய் தடவினால் பின்னால் முழுதும் மஞ்சளடிக்கும்.

வார்னிஷ் இப்போது கிடையாது. குறைந்தது ஆறு மாதம் காய வேண்டும். அதுவரை சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் பழுப்பேறும், வெளிச்சத்தில் தெளியும். அதனால் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே, நேர் வெயில் படாமல் சாய்த்து வைத்திருக்கிறேன். நவம்பர் கான்வாஸையும் தூக்கிப் போடவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் சாம்பல் வெளிச்சம் வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். நிறத்தை மட்டும் எடுத்து அளந்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும்.

மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் விரல் நுனியால் கான்வாஸின் ஓரத்தைத் தொட்டு, “இன்னும் ஒட்டுதும்மா” என்கிறாள். கன்னத்தை மட்டும் தொடுவதில்லை.